பழைய ஹைப்ரிட் காரும் செவ்வியல் என்னும் பெயரும்

'வாங்கிப் போடு.' நாஞ்சில் நாட்டின் பொருளியல் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். தோவாளையில் வயல் என்றாலும், நாகர்கோவிலைச் சுற்றி நாலு சென்ட் மனை என்றாலும், மகள் கல்யாணத்துக்கான பொன் என்றாலும் நாம் வாங்குவதில்லை, வாங்கிப் போடுகிறோம். போட்ட பொருள் தானாக வளரும் என்பது நம்பிக்கை. மண்ணும் பொன்னும் அந்த நம்பிக்கையைப் பெரும்பாலும் காப்பாற்றியும் வந்திருக்கின்றன. இப்போது அதே சொல்லை ஒரு காருக்குச் சொல்லக் கேட்கிறேன். '2008 சிவிக் ஹைப்ரிட் எங்காவது கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், இன்னும் பத்து வருடத்தில் அது மாடர்ன் கிளாசிக்' என்கிறார்கள் கார்ப்பித்து ஏறிய நண்பர்கள். எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. 'செத்த பேட்டரியைச் சுமந்து திரியும் வண்டி அது. பழைய இரும்புக் கடைக்காரர்கூட யோசித்துத்தான் எடுப்பார்' என்று சிரிக்கிறார்கள்.

இரு தரப்பும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. ஒருவர் விலை ஏறும் என்கிறார், மற்றவர் இறங்கும் என்கிறார். அந்தப் பொருள் என்ன, எதற்காக அது நினைவில் நிற்க வேண்டும் என்ற கேள்வியை இருவருமே கேட்கவில்லை. அந்தக் கார் செவ்வியல் தகுதி உடையதுதான் என்பது என் தரப்பு. அந்தத் தகுதி இருப்பதனாலேயே அதை 'வாங்கிப் போட' முடியாது என்பது அதன் மறுபாதி.

முதலில் எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற தெளிவு வேண்டும். டொயோட்டா ப்ரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஹோண்டா இன்சைட் 1999-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்தது. உலகக் கணக்கில் தொடக்க கால ஹைப்ரிட் என்றால் இவ்விரண்டும்தான். ஆனால் இவை நமக்குக் கிட்டாதவை. வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டுமானால், அது தயாரிக்கப்பட்டு மூன்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது பொது விதி. முதல் இன்சைட்டை டி.என். 74 எண்பலகையோடு வடசேரியில் பார்ப்பது கனவில்தான் நடக்கும்.

இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்த முதல் ஹைப்ரிட் கார், 2008 ஜூனில் வந்த ஹோண்டா சிவிக் ஹைப்ரிட். ஜப்பானில் முழுதாகக் கட்டி முடித்து இறக்குமதியான வண்டி. காரின் விலையை இரட்டிப்பாக்கும் சுங்க வரி சேர்ந்து 21.5 லட்சம் ரூபாய்க்கு விற்றது. இங்கேயே தயாரான பெட்ரோல் சிவிக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பெட்ரோலுக்கே போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் விலையை ஏறத்தாழ 8 லட்சம் குறைத்த பிறகே தேங்கிக் கிடந்த வண்டிகள் நகர்ந்தன. அடுத்து 2010-இல் மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் வந்தது. அதுவும் இறக்குமதி, அதுவும் எட்டாத விலை. 2013-இல் கர்நாடகத்தின் பிடதியில் கேம்ரி ஹைப்ரிட் கட்டப்பட்டது. இந்தியாவின் தொடக்க கால ஹைப்ரிட் வரலாறு கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய கார் விளம்பரங்களில் 'ஹைப்ரிட்' என்ற சொல்லைக் கண்டு மயங்குகிறவர்கள் பெரும்பாலும் 2015-க்குப் பிந்தைய டீசல் சியாஸையோ எர்ட்டிகாவையோதான் பார்த்திருப்பார்கள். அவை நல்ல கார்கள். ஆனால் அவற்றில் இருந்தது ஸ்டார்ட்டர் மோட்டாரும் மின்னாக்கியும் ஒன்றாகச் சேர்ந்த எளிய ஏற்பாடு மட்டுமே. மின்மோட்டார் தனித்துச் சக்கரத்தைச் சுழற்றாது. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய ஃபேம் திட்டத்தில் இத்தகைய வண்டிகளுக்கும் மானியம் கிடைத்தது. 2017 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் வந்த சரக்கு சேவை வரியோ பெரிய ஹைப்ரிட் கார்களின் மேல் 28 விழுக்காடும் அதற்கு மேல் 15 விழுக்காடு கூடுதல் தீர்வையும் வைத்தது. ஒரு கையால் தட்டிக்கொடுத்து மறுகையால் தலையில் குட்டிய கதை. எண்ணிக்கை ஏன் பெருகவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அரிதாக இருப்பதால் அது செவ்வியல் ஆகிவிடுமா? ஆகாது. விற்காத பொருளெல்லாம் அரிதுதான். விற்காத கவிதைத் தொகுதிகள் நம் வீட்டுப் பரண்களில் எத்தனை கிடக்கின்றன! பின்னால் வந்தவை எல்லாம் விடை சொல்ல முயன்ற ஒரு கேள்வியை முதலில் தெளிவான வடிவத்தில் கேட்ட படைப்பையே செவ்வியல் என்கிறோம். அந்த அளவுகோலை இந்தக் காரின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

நூறாண்டுக்கு மேலாகக் கார் என்றால் ஒரு பழக்கம் இருந்தது. நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் மிதித்தால் சேர்த்த வேகமெல்லாம் சூடாகிக் காற்றில் போய்விடும். வேப்பமூட்டிலோ மார்த்தாண்டம் சந்தைப் பக்கமோ ஒரு மாலைப் பொழுதில் வண்டி ஓட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக மேற்கே போகும் சாலை ஏறும், இறங்கும், வளையும், நிற்கும். ஏற்றத்தில் எரித்ததை இறக்கத்தில் வீணடிப்பதுதான் நம் அன்றாடப் பயணம். இதை ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்டதுதான் ஹைப்ரிட். சிவிக்கில் 1.3 லிட்டர் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே தட்டையான 15 கிலோவாட் மின்மோட்டார் ஒன்று செருகப்பட்டிருக்கிறது. ஏறும்போது அது எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும். பிரேக் மிதித்தால் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி வேகத்தைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும். சந்திப்பில் நின்றால் எஞ்சின் ஓய்ந்துவிடும்.

சேமித்து வைக்கும் பேட்டரி எவ்வளவு பெரியது தெரியுமா? 132 நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலங்கள், 158 வோல்ட், 5.5 ஆம்பியர் மணி. பெருக்கிப் பார்த்தால் நம் வீட்டு மின்கணக்கில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கொள்ளாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பக் காரின் எரிபொருள் செலவைக் குறைக்கலாம் என்று காட்டியதுதான் அந்தப் பொறியாளர்களின் சாதனை. பாத்திரம் சிறிதாக இருக்கலாம், நிறைப்பதும் எடுப்பதும் ஓயாது நடந்தால் போதும் என்ற எண்ணம் எளியது. எளிய எண்ணங்கள் காலந்தாழ்த்தியே தோன்றுகின்றன. இன்றைய மின்கார்கள் பிரேக்கில் சக்தியைத் திரும்ப எடுப்பது அந்த எண்ணத்தின் நேர் வாரிசு.

அடுத்தது அரசாங்கத்தின் செவ்வியல். அரசுக்குத் தரம் தெரியாது, ஆண்டு மட்டுமே தெரியும். தமிழைச் செம்மொழி என்று 2004-இல் அறிவித்தபோது ஆயிரம் ஆண்டுப் பழமை போதும் என்றார்கள். அடுத்த ஆண்டே அது 1500 முதல் 2000 ஆண்டுகள் என்றானது. 2024-இல் அளவுகோல்கள் மறுபடியும் திருத்தப்பட்டு, மேலும் ஐந்து மொழிகள் பட்டியலில் ஏறின. அறிவிப்புக்கு முந்தைய நாள் சங்கப் பாடல்களில் இல்லாத எதுவும் மறுநாள் அவற்றில் புகுந்துவிடவில்லை. கார்களுக்கும் இதே கதை. மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் பெரிதும் மாறாத வண்டியே 'விண்டேஜ்'. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், தனி எண்பலகை, அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கணக்குப் போடுங்கள். 2008-இல் பதிவான சிவிக் ஹைப்ரிட் 2058-இல்தான் மரியாதைக்குரியதாகும். அதுவரை? 2023-இலேயே அதன் 15 ஆண்டுப் பதிவு முடிந்துவிட்டது. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை, புதுப்பித்தல். 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. போதாக்குறைக்குத் தமிழ்நாட்டில் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரி. எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த காரே பசுமை வரி கட்டுகிறது என்ற நகைச்சுவை சட்டம் எழுதியவர்களுக்கு எட்டியிருக்காது.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையிலான முப்பத்தைந்து ஆண்டுகள்தான் எந்தப் பொருளுக்கும் கண்டம். அப்போது அது புதியதும் அல்ல, பழம்பொருளும் அல்ல, வெறும் பழசு. அம்பாசடர் 2014-இல் நின்றுபோன பிறகு அதைக் கண்டு உருகுகிறவர்கள், அது டாக்ஸி நிலையத்தில் வரிசையாக நின்ற காலத்தில் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. மாருதி 800-க்கும் அதே கதிதான். அதுவும் 2014-இல்தான் நின்றது.

ஏடுகளின் கதையும் வேறல்ல. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும் அச்சேற்றினார் என்பது நமக்குத் தெரியும். அவர் கையில் கிடைத்த ஓலைகள் சங்க காலத்து ஓலைகள் அல்ல என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். பனையோலை சில நூற்றாண்டுகளே தாங்கும். யாரோ ஒருவர் செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதினார். அவருக்குப் பின் வேறொருவர் எழுதினார். பொருள் புரிந்தவர்களும் எழுதினார்கள், புரியாதவர்களும் எழுதினார்கள். பெயர் தெரியாத அந்த ஏடெழுதிகள் இல்லாவிட்டால் சாமிநாதையருக்குத் தேட எதுவும் இருந்திருக்காது. பரணில் 'வாங்கிப் போட்ட' ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. எடுத்து எழுதப்பட்டவையே நிலைத்தன.

காரைப் பற்றிய என் வாதத்தின் மையம் இதுதான். பேட்டரி ஓலை, கார் நூல். ஓலை கெடத்தான் செய்யும். கெட்ட மின்கலங்களை மாற்றினால் 'மூலத்தன்மை' போய்விடும் என்று கவலைப்படும் தூய்மைவாதிகள், ஓலையை வணங்கிவிட்டு நூலை இழக்கிறவர்கள். 'பேட்டரி செத்துவிட்டது, ஆகவே கார் செத்துவிட்டது' என்பவர்களோ, ஓலை உளுத்தது என்பதற்காக நூலை ஆற்றில் விடுகிறவர்கள். இருவருக்கும் நடுவே ஓர் ஏடெழுதியின் இடம் காலியாக இருக்கிறது. வாங்குகிறவர் அங்கே உட்கார வேண்டும்.

உட்காருவது எளிதல்ல. எங்கள் மாவட்டத்தில் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பதினொரு மாதம் கார் போர்ட்டிகோவில் உறை போர்த்தியபடி நிற்கும்; ஒரு மாத விடுமுறையில் ஓடும். சாதாரண காருக்கு இதனால் பெரிய கேடில்லை, ஒரு 12 வோல்ட் பேட்டரியோடு போகும். ஹைப்ரிட்டுக்கு இது மெல்லக் கொல்லும் நஞ்சு. நிக்கல் கலங்கள் நிற்கும்போதே தானாக மின்னிழக்கும். எல்லாம் ஒரே அளவில் இழக்காது; ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இறங்கும். பிறகு வலிய கலங்கள் மெலிந்தவற்றை இழுத்துக்கொண்டு விழும். வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் வெக்கை அதை விரைவுபடுத்தும். போற்றுவதாக நினைத்து உறை போர்த்தி வைத்த கார்தான் முதலில் சாகும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஏற்ற இறக்கமுள்ள சாலையில் அரைமணி நேரம் ஓட்டப்பட்ட கார் பிழைக்கும்.

ஆகவே, வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்கள் பளபளப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சிலவற்றைப் பார்க்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி அளவுமானி படிப்படியாக இறங்கினால் நல்லது; பாதியிலிருந்து சட்டென்று அடிமட்டத்துக்குக் குதித்தால் கலங்கள் சமநிலை இழந்துவிட்டன என்று பொருள். கலத்தொகுதிகளின் மின்னழுத்தத்தைத் தனித்தனியாகக் காட்டும் கருவி உள்ளவரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பின்னிருக்கைக்குப் பின்னால் பேட்டரிக்குக் காற்று போகும் வழி தூசடைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. குளச்சலிலோ முட்டத்திலோ கடற்காற்றில் நின்ற வண்டியென்றால் அடித்தளத்தைத் தூக்கிப் பார்த்து உப்புத் துருவைத் தேடுங்கள். தில்லிப் பதிவென்றால் தடையில்லாச் சான்றும் இங்கே மறுபதிவுக்கான வரியும் முதலில் பேசப்பட வேண்டும். ஒரு வசதியும் உண்டு. இந்தியாவில் 2006 முதல் 2013 வரை விற்ற பெட்ரோல் சிவிக்கின் உடன்பிறப்பு இது. உடற்பகுதிகள் பலவற்றுக்கு அங்கிருந்து உதவி கிடைக்கும். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் மட்டும் தெரு முனை எலக்ட்ரீஷியனைக் கைவைக்க விடாதீர்கள். 158 வோல்ட் நேர்மின்சாரம் யாரையும் மன்னிக்காது.

'இதைச் சரிசெய்ய யார் இருக்கிறார்கள்?' என்பது நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் இதற்கு விடை இருக்கிறது. கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். 2010-களில் வரிச்சலுகையின் துணையோடு ஜப்பானியப் பழைய ஹைப்ரிட்டுகள் அங்கே பெருமளவில் இறங்கின. இங்கே அரும்பொருளான ப்ரியஸ் யாழ்ப்பாணத்துத் தெருவில் அன்றாட வண்டி. பேட்டரியைப் பிரித்து, கலம் கலமாகச் சோதித்து, கெட்டதை நீக்கிச் சேர்க்கும் வேலை அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். ஏடு பார்க்க அன்று அங்கிருந்து கற்றுக்கொண்டோம். பேட்டரி பார்க்க இன்று கற்றுக்கொள்வதில் இழிவில்லை.

முதலீட்டுத் தரப்பினரும் இலங்கையிடம் ஒரு பாடம் படிக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் அங்கே பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. தனியார் வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டு விலையேற்றம் செவ்வியலின் மதிப்பல்ல, கதவு சாத்தியதால் வந்த நெரிசல். நெரிசலைப் பார்த்துத் திருவிழா என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்ல ஏதுமில்லை.

பேட்டரியைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இந்தக் காரின் ஒவ்வொரு அசைவையும் தீர்மானிப்பது மென்பொருள். அமெரிக்காவில் இதே தலைமுறை சிவிக் ஹைப்ரிட்டுகளின் பேட்டரிகள் விரைவில் தளர்ந்தபோது, நிறுவனம் 2010-இல் புதிய மென்பொருளை ஏற்றியது. பேட்டரிக்கு ஓய்வு கிடைத்தது. மைலேஜ் குறைந்தது என்று உரிமையாளர்கள் குமுறினார்கள். 2012-இல் கலிஃபோர்னியாவின் சிறுவழக்கு நீதிமன்றம் ஓர் உரிமையாளருக்கு 9,867 டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. வழக்கை விடுங்கள். இரும்பில் ஒரு மாற்றமும் இல்லாமல் கார் வேறு காராக மாறியது என்பதைக் கவனியுங்கள். அம்பாசடரைக் கொல்லன் பட்டறையில் உயிர்ப்பிக்கலாம். இந்தக் காருக்குப் பட்டறையோடு ஏடும் வேண்டும்: பழுதுபார்ப்புக் கையேடு, மின்சுற்று வரைபடம், எந்த மென்பொருள் எப்போது ஏற்றப்பட்டது என்ற குறிப்பு. இவற்றைச் சேர்த்து வைக்காதவர் காரைச் சேர்த்து வைத்தும் பயனில்லை.

'அயல்நாட்டுக் காருக்கு ஏன் இத்தனை பரிவு? நம்முடையது இல்லையா?' என்று கேட்பார்கள். இருக்கிறது. 2001-இல் பெங்களூரில் பிறந்த ரேவா. எட்டு ஈய-அமில பேட்டரிகள், 48 வோல்ட், குழந்தைகள் வரைந்ததுபோல் ஒரு உருவம். லண்டன் தெருக்களில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது, கேலியும் வாங்கியது. 2010-இல் மஹிந்திராவின் கைக்குப் போனது. அது ஹைப்ரிட் அல்ல, முழு மின்கார்; இந்தியச் செவ்வியல் என்ற தகுதியில் சிவிக்குக்கு ஒரு படி மேலே. அதையும் காப்பாற்றுங்கள் என்பதே என் விடை. ஒன்றின் தகுதி மற்றொன்றைக் குறைப்பதில்லை. 'பழைய பெட்ரோல் காரை ஓட்டிக்கொண்டு சுற்றுச்சூழல் பேசுவதா?' என்பது இன்னொரு கேள்வி. பேசாதீர்கள். பழைய ஹைப்ரிட்டை வைத்திருப்பது புண்ணியம் அல்ல. வரலாற்றின் ஒரு பக்கத்தை ஓடும் நிலையில் வைத்திருப்பது, அவ்வளவுதான். அதற்குப் பசுமை வேடம் வேண்டாம்.

காப்பது என்றால் என்ன என்று கற்க நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பத்மநாபபுரம் அரண்மனை மரத்தால் ஆனது. 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறையே அதைப் பராமரிக்கிறது. இரண்டு பருவமழைக்கும் கரையானுக்கும் நடுவே மரம் நிற்பதற்குக் காரணம் அதன் வயதல்ல. அன்றாடம் கூட்டித் துடைத்துப் பழுது பார்க்கும் கைகள். 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில், ஒரு கிலோமீட்டர் நீளத்தில், பறளியாற்றைத் தாண்டித் தண்ணீரைச் சுமக்கக் கட்டப்பட்டது. அது பாசனக் கட்டுமானமாக இருப்பதால்தான் அழகு. தண்ணீரை நிறுத்திவிட்டு வண்ணமடித்தால் அது படமெடுக்கும் இடம் மட்டுமே. ஆரல்வாய்மொழிக்கும் முப்பந்தலுக்கும் இடையே தொடக்க காலக் காற்றாலைகள் முதுமையடைந்து, பெரியவற்றுக்கு இடம் விட்டு இறங்கும் காலம் இது. அவற்றில் ஒன்றையாவது சுழலும் நிலையில் நிறுத்திவைக்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கார் ஒரு சிறிய உதாரணம்தான். நேற்றைய தொழில்நுட்பத்தை நாம் நடத்தும் விதம்தான் பெரிய கேள்வி.

ஆக, வாங்குவதற்கு மூன்று நிபந்தனைகள். ஓட்ட வேண்டும். ஓலை கெட்டால் மாற்ற வேண்டும். கற்றதையெல்லாம் குறித்து வைத்து, அடுத்துக் கேட்டு வருகிறவருக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். 2058-இல் அரசாங்கம் அதற்கு என்ன பெயர் வைக்கும் என்பது அன்றைய அதிகாரியின் கவலை. இந்த மூன்றுக்கும் உடன்பட முடியாதவர்கள் தோவாளையிலேயே இன்னும் நாலு சென்ட் வாங்கிப் போடலாம். மனைக்குப் பேட்டரி கிடையாது.